கோரமுகத்துக் காதலனை எழுதப் போகிறவளுக்கு

கண்ணம்மா,

போன வாரம் என் கட்டிலில் நீ வைத்துவிட்டுப் போன மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களா. வெயில் இறங்கிய பிறகே வெளியே வரும் ஒருவன். அவன் முகத்தை ஊரில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. அப்பா பட்ட கடனுக்காக அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் ஒரு பெண். கடைசித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: ‘இப்படிப்பட்டவனை ஒருத்தி எப்படி விரும்புவாள் என்று அம்மா கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அத்தை?’

விரும்புவாள். ஆயிரத்தெண்ணூறு வருஷமாகக் கதைகளில் விரும்பிக்கொண்டுதான் இருக்கிறாள். எதற்காக விரும்புகிறாள் என்பது எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே பத்துப் பன்னிரண்டு தொடர்கதைகள், அதைப்போல் மூன்று மடங்கு மாத நாவல்கள் எழுதினேன். தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்ததை எண் போட்டுத் தருகிறேன். ஞாபகம் வந்த வரிசையில்தான் இருக்கும்.

1. உன் நாயகியின் பயத்தை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதே. இரண்டாம் அத்தியாயத்திலேயே அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. என் பெரியம்மாவுக்குப் பதினேழு வயதில் கல்யாணம். மணையில் குனிந்து உட்கார்ந்திருந்ததால் மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லை, கைதான் தெரிந்ததாம். முழங்கை வரை அடர்ந்த ரோமம். ‘கரடிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்’ என்பாள். புகுந்த வீட்டில் நெல் குதிர் இருந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். பெரியப்பா கதவைத் தட்டவில்லை. தினமும் விளக்கு வைத்த பிறகு ஜன்னல் திண்டில் வாழைச் சருகை விரித்து, ஒரு கடலை உருண்டையை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். முதல் நாள் உருண்டையை எறும்பு தின்றது. மறுநாளும் எறும்புதான். ‘பதினெட்டாம் நாள் எடுத்துத் தின்றேன்’ என்று அவள் எனக்குச் சொன்னபோது அவளுக்கு எண்பது வயது. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், அப்போதுதான் தின்று முடித்தவள் போல. அந்தப் பதினேழு எறும்பு நாட்களை எழுது. அவை இல்லாமல் பதினெட்டாம் நாளுக்கு ருசி வராது.

2. நீ எழுதப் போகும் கதைக்கு ஒரு பாட்டி உண்டு. அவளைத் தெரிந்துகொள். ‘அழகியும் மிருகமும்’ என்று நாம் சொல்லும் கதையை 1740-ல் பிரான்சில் காப்ரியேல்-சூசான் த வில்னேவ் என்ற பெண்மணி ஒரு நாவல் நீளத்துக்கு எழுதினார். கப்பலில் போகும் ஒரு இளம்பெண்ணுக்குச் சொல்லப்படும் கதையாக அது வருகிறது. அதில் வரும் மிருகத்துக்கு யானைத் தும்பிக்கை போல ஒன்று உண்டு. உடம்பெல்லாம் செதில், நடந்தால் செதில்கள் கலகலவென்று சத்தம் போடும். சினிமாவில் பார்த்த சிங்கப்பிடரி அழகனை மறந்துவிடு. அந்தக் காலத்துப் பிரான்சில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் பலர் கன்னிமடத்தில் படித்துவிட்டு, பெரியவர்கள் பேசி முடித்த, முன்பின் பழகாத ஆணுக்கு மனைவியானார்கள். பெரியம்மா கரடியைப் பார்த்த மாதிரி அவர்கள் தும்பிக்கையைப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மிருகம் ஒவ்வொரு இரவும் அவளிடம் வந்து, உன்னோடு படுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். 1756-ல் போமோன் என்ற இன்னொரு பிரெஞ்சுப் பெண்மணி இதையே சிறுமிகளுக்கான கதையாகச் சுருக்கினார். லண்டனில் பெரிய வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். கேள்வியை ‘என்னை மணந்துகொள்கிறாயா’ என்று மாற்றிவிட்டார். நமக்கெல்லாம் வந்து சேர்ந்தது அவர் எழுதியதுதான். தும்பிக்கை போய்விட்டது, கேள்வி நாகரிகமாகிவிட்டது. ஆனால் ஒன்றை அவரும் தொடவில்லை. மிருகம் கேட்கிறது, அவள் மாட்டேன் என்கிறாள், அது பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போகிறது. மறுநாள் மறுபடி கேட்கிறது. ‘இந்த வீட்டுக்கு நீதான் எஜமானி, நான் இருப்பது தொந்தரவாக இருந்தால் போகச் சொல், போய்விடுகிறேன்’ என்ற பொருளில் அது முதல் இரவே அவளிடம் சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்தில் எந்த அழகான மாப்பிள்ளை அப்படிச் சொன்னான்? பெண்கள் அந்த மிருகத்தை விரும்பியதற்குக் காரணம் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. காரணம் முதல் இரவின் அந்தப் பேச்சிலேயே இருந்தது.

3. என் பெரிய தவறைச் சொல்லுகிறேன், பொறுமையாகப் படி. 1978-ல் ஒரு வார இதழில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. நாயகன் மில் முதலாளி. ஆறடி உயரம், எடுப்பான முகம், சுள்ளென்று கோபம். கல்யாணமான அன்றே அவளை அவமானப்படுத்துவான். ஐந்தாம் வாரம் அறையில் வைத்துப் பூட்டுவான். ஒன்பதாம் வாரம் கன்னத்தில் அறைவான். கடைசியில், சின்ன வயதில் அவனுடைய அம்மா அவனை விட்டுவிட்டுப் போனது தெரியவரும். அவன் அவள் மடியில் முகம் புதைத்து அழுவான். அவள் கண்ணைத் துடைத்துவிடுவாள். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று அந்தக் கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு வைத்தேன். கடிதங்கள் சாக்குப் பையில் வந்தன. இதழ் அலுவலகத்திலிருந்து பையன் சைக்கிளில் கொண்டுவந்து திண்ணையில் கொட்டிவிட்டுப் போனான். நாள் முழுக்க உட்கார்ந்து பூரித்துப்போய்ப் படித்தேன்.

அதில் ஒரு நீல இன்லண்ட் கடிதம். எழுத்து உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தது. ‘அம்மா, உங்கள் கதாநாயகனைப் போலத்தான் என் வீட்டுக்காரரும். கோபம் வந்தால் கண் தெரியாது. கடைசி வாரத்தில் அவர் மாறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் எத்தனை வாரம் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.’ அவ்வளவுதான். கோபமோ குற்றச்சாட்டோ எதுவும் இல்லை, உண்மையாகவே கேட்டிருந்தாள். அனுப்புநர் இடத்தில் முகவரி இல்லை. தபால் முத்திரையும் மசியாகிப் போயிருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊர்ப் பெயரின் கடைசி எழுத்தையாவது கண்டுபிடிக்கப் பார்த்தேன். ‘ர்’ என்று இருந்தது. எத்தனை ஊர்கள் ‘ர்’ என்று முடிகின்றன! இன்றுவரை அவளுக்குப் பதில் போகவில்லை. கடிதம் என் பீரோவில் இருக்கிறது. நீ வந்தால் காட்டுகிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. கோரம் ஒருவன் உடம்பில் இருந்தால் அது அவனுக்கு வந்து சேர்ந்தது, அவன் கேட்டு வாங்கியதில்லை. அதை ஒருத்தி தாண்டி வந்து நேசிக்கலாம், அந்த நேசத்தை நீ எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டாடலாம். கோரம் அவன் கையில் இருந்தால் அது அவன் தினம் தினம் தேர்ந்தெடுப்பது. அதைத் தாண்டி வரும் பொறுப்பை உன் நாயகி தலையில் கட்டாதே. இப்போது ‘ஆன்டி ஹீரோ’ என்று பெயர் வைத்து எழுதுகிறீர்கள். நாயகன் கெட்டவனாக இருக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவன் செய்கிற கொடுமைக்குக் காதல் என்று பெயர் வைக்காதே என்றுதான் கேட்கிறேன்.

4. ‘அழகியும் மிருகமும்’ கதைக்கு முன்னாலேயே, 1697-ல், பெரோ என்பவர் அச்சிட்ட ‘நீலத்தாடி’ கதையையும் படித்து வை. அதிலும் பெரிய மாளிகை, பணக்காரக் கணவன், பார்த்தால் பயம் வரும் முகம். ஊருக்குப் போகும்போது எல்லாச் சாவிகளையும் மனைவி கையில் கொடுத்து, ஒரே ஒரு அறையை மட்டும் திறக்காதே என்கிறான். அந்த அறையில் முன்னால் கட்டியவர்களின் பிணங்கள் கிடக்கின்றன. மிருகம் தன் அழகியை அப்பாவைப் பார்க்க ஊருக்கு அனுப்பிவைக்கிறது, திரும்பி வா என்று மட்டும் கேட்கிறது. எழுத உட்காரும் ஒவ்வொரு நாளும், உன் பங்களா இந்த இரண்டில் எந்த வீடு என்று கேட்டுக்கொள்.

5. ‘கல்லானாலும் கணவன்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் ‘நாகமண்டலா’ என்னை உலுக்கிவிட்டது. கிரீஷ் கர்னாட் கன்னட நாட்டுப்புறக் கதைகளை வைத்து எழுதி 1988-ல் வெளியான நாடகம். ராணி என்ற புதுமணப் பெண்ணைக் கணவன் அப்பண்ணா வீட்டுக்குள் பூட்டிவிட்டு இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடுவான். மத்தியானம் வந்து சாப்பிடுவான், வாயைத் திறந்தால் அதட்டல்தான். கணவனை வசியப்படுத்த ஒரு கிழவி கொடுத்த வேரைக் குழம்பில் போட்டதும் குழம்பு ரத்தமாகச் சிவக்கிறது. பயந்துபோய் ராணி அதைப் பாம்புப் புற்றில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறாள். புற்றிலிருந்த நாகத்துக்கு அவள்மேல் மையல் வந்துவிடுகிறது. ராத்திரியில் ஜலதாரை வழியாக உள்ளே நுழைந்து, கணவன் உருவத்தில் அவள் முன்னால் நிற்கிறது. அவள் பேசுவதைக் கேட்கிறது. அவள் அப்பா அம்மாவைப் பற்றி விசாரிக்கிறது. பகலில் மனிதன் வந்து அதட்டுகிறான், இரவில் பாம்பு வந்து தலையைத் தடவிக் கொடுக்கிறது.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருப் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு, முட்டையை வைத்துவிட்டு, மற்றவர்கள் எழுந்து போன பிறகும் சிலர் உட்கார்ந்தே இருப்பார்கள். உதடு அசையும். வேண்டுதல் என்றுதான் சிறுவயதில் நினைத்தேன். சிலர் வெறுமனே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள், வீட்டில் கேட்க ஆளில்லாத பேச்சை. உன் மிருகத்துக்குக் காது வை. பல்லும் நகமும் யார் வேண்டுமானாலும் வைத்துவிடலாம்.

6. கடைசி அத்தியாயத்தில் அவனை அழகனாக்கிவிடாதே. என் மாத நாவல் ஒன்றில் நாயகனுக்குத் தீவிபத்தில் பாதி முகம் வெந்து போயிருக்கும். அவள் அவனை விரும்புவாள். ஆனால் எனக்குத் தைரியம் போதவில்லை. வெளிநாட்டு டாக்டர் ஒருவரை வரவழைத்து, ஆபரேஷன் செய்து, கட்டைப் பிரித்ததும் பழைய முகம் வந்துவிட்டதாக முடித்தேன். எங்கள் தெருவில் வண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவருக்குச் சின்ன வயதில் அடுப்புத் தீயில் கன்னமும் கழுத்தும் வெந்து சுருங்கியிருந்தது. பழைய பேப்பர்க் கடையில் வாங்கும் கட்டுகளில் என் நாவல் அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஒருநாள் புடவையை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “கதை நல்லாருந்துச்சும்மா. ஆபரேசன் இல்லாமலே அந்தப் பொண்ணு கட்டிக்கிட்டா என்னம்மா?” பதில் சொல்ல வாய் வரவில்லை. தேய்த்த புடவையின் சூடு கையில் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்காவது நான் பதில் சொல்லியிருக்கலாம், முகவரி எதிரிலேயே நின்றது.

ழான் காக்தோ என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1946-ல் இந்த மிருகக் கதையைப் படமாக்கினார். ழான் மாரே என்ற நடிகருக்கு மிருக வேஷம் போடவே தினமும் சுமார் ஐந்து மணி நேரம் ஆகுமாம். படம் எடுத்த நாட்களில் காக்தோவுக்கே கடுமையான தோல் நோய், நடுவில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்து எடுத்தார். அதனால்தானோ என்னவோ, அந்த ரோம முகத்துக்குள் இருக்கும் கண்களை அவரைப்போல் யாரும் காட்டவில்லை. முடிவில் மிருகம் போய் இளவரசன் வருகிறான். அழகியின் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் முதலில் தெரிகிறது. பார்க்கிற நமக்கும் அப்படித்தான். காக்தோ வேண்டுமென்றே அப்படி வைத்தார். இத்தனை நாள் பழகிய அந்த முகம் எங்கே போயிற்று என்று தேடுகிறோம். சாபம் தீருவதுதான் கதைக்கு மரபு என்றால் தீரட்டும். அவன் முகத்தைப் பறிக்காமல் தீருவதற்கு வேறு வழி இருக்கிறதா என்று யோசி. நான் யோசித்திருக்க வேண்டும்.

7. முகத்தை அவள் முதன்முதலில் பார்க்கும் இடத்தில் எண்ணெய் சொட்டட்டும். முதலில் ஆயிரத்தெண்ணூறு வருஷம் என்றேனே, அது அப்புலேயஸ் எழுதிய சைக்கியின் கதையிலிருந்து வைத்த கணக்கு. வட ஆப்பிரிக்காவில் பிறந்து இரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதியவர் அவர். சைக்கியின் கணவன் இருட்டில் மட்டும் வருவான், விடிவதற்குள் போய்விடுவான். அவன் ஒரு பெரிய பாம்பு என்று அக்காமார் சொல்லிக்கொடுக்க, அவள் ஒரு ராத்திரி கையில் கத்தியோடு விளக்கைத் தூக்கிப் பார்க்கிறாள். படுத்திருப்பவன் காதல் தேவன். விளக்கிலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஒரு துளி அவன் தோளில் விழுகிறது. விழித்தவன் பறந்துவிடுகிறான். பார்ப்பது சும்மா நடக்கக்கூடாது. பார்த்ததற்கு ஏதாவது ஒரு விலை இருக்க வேண்டும்.

8. இரக்கத்தைக் காதல் என்று எழுதிவிடாதே. இதில் நானும் சறுக்கியிருக்கிறேன், என்னைவிடப் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். சறுக்காதவர் கஸ்தோன் லெரூ. அவர் எழுதிய ‘ஓபராவின் ஆவி’ 1909-ல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாகத் தொடங்கியது. தொடர்கதைக்காரி என்ற முறையில் அது எனக்கு நெருக்கமான கதை. ஓபரா மாளிகையின் அடியில் முகமூடி போட்டு வாழும் எரிக்குக் குரலும் சங்கீதமும் உண்டு, முகம் மட்டும் மண்டையோடு. பெற்ற தாயே அவனை முத்தமிட விட்டதில்லை. கிறிஸ்தீன் என்ற பாடகியைக் கடத்திக்கொண்டு போகிறான், கொலையும் செய்கிறான். கடைசியில் அவன் அவள் நெற்றியில் முத்தமிடுகிறான். அவள் விலகவில்லை, அருவருப்பில் செத்துப் போகவில்லை, அவனோடு சேர்ந்து அழுகிறாள். அந்த ஒரு முத்தத்தோடு அவளை விட்டுவிடுகிறான், அவள் விரும்பியவனோடே போகச் சொல்லிவிடுகிறான். படித்த எத்தனையோ பெண்கள் அவள் அவனோடு இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கியிருக்கிறார்கள். இருபது வயதில் நானும் ஏங்கினேன். இப்போது லெரூ செய்ததுதான் சரி என்று படுகிறது. அவன் பரிதாபத்துக்குரியவன். அதற்காக அவள் தன் ஆயுசைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டியதில்லை.

9. உன் நாயகி அந்தப் பங்களாவில் பகலெல்லாம் என்ன செய்கிறாள்? மூன்று அத்தியாயத்திலும் அவள் அழுகிறாள், ஜன்னல் ஓரம் நிற்கிறாள், தூங்குகிறாள். போமோன் கதையில் அழகி மாளிகைக்குப் போனதும் அவள் கண்ணில் முதலில் நிற்பது பெரிய புத்தக அறை. அதைப் பார்த்ததும்தான், தன்னை உடனே தின்றுவிட நினைப்பவர்கள் இவ்வளவு ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தைரியம் வருகிறது. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, சமையலறைக்குப் பின்னாலிருந்த விறகு அறையைக் காலி செய்து உன் மாமா ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேஜைக்கு ஒரு கால் குட்டை, அதற்கு அவர் அட்டையை மடித்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

2017-ல் கில்லெர்மோ தெல் தோரோ எடுத்த ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தை உன் அண்ணன் போட்டுக் காட்டினான். மறு வருஷம் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். எலைசா என்ற வாய் பேச முடியாத பெண் ஒரு ரகசிய ஆராய்ச்சிக் கூடத்தில் தரை துடைக்கிறாள். அங்கே தொட்டியில் சங்கிலி போட்டு வைத்திருக்கும் நீர்மனிதனுக்கு ஒருநாள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்து உரித்துத் தொட்டி விளிம்பில் வைக்கிறாள். எனக்குக் கடலை உருண்டைதான் ஞாபகம் வந்தது. இங்கே வைக்கிறவள் அவள். ‘முட்டை’ என்று கையால் சைகை காட்டிச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் ஏதோ குறை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்தப் படத்திலும் ஒரு கொடியவன் உண்டு. அழகான வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள், புதுக் கார் எல்லாம் வைத்திருக்கும் அதிகாரி அவன், கையில் மின்சாரத் தடி. உன் நாயகிக்கு ஒரு வேலை கொடு, ஒரு பசி கொடு. அவள் என்ன தேடுகிறாள் என்று தெரிந்தால்தான் அவனிடம் அதைக் கண்டுபிடிப்பாள்.

10. வெளிநாட்டுப் பூதம் எதையாவது கடன் வாங்குவதாக இருந்தால் மூலத்தைப் பார்த்துவிட்டு வாங்கு. பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய டிராகுலா வெள்ளை மீசை வைத்த கிழவன், உள்ளங்கையில் ரோமம், மூச்சில் துர்நாற்றம். அவனைக் காதலனாக்கியது பின்னால் வந்த நாடகமும் சினிமாவும். நம் ஊரில் முனி இருக்கிறது, நாகம் இருக்கிறது. எதை எடுத்தாலும் அது எங்கே தூங்கும், எதைத் தின்னும், எதைக் கண்டு பயப்படும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

11. இது எனக்கே உறுத்தும் விஷயம். நான் எழுதிய அத்தனை கதைகளிலும் கோரமான ஆணை ஒரு பெண் நேசித்திருக்கிறாள். கோரமான பெண்ணை ஒரு ஆண் நேசிப்பதாக ஒன்றுகூட எழுதவில்லை. கேட்டால் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்லியிருப்பேன். அரக்கி ஒருத்தியை ஒருவன் ஏற்றதாக வியாசர் எழுதியிருக்கிறாரே! பாண்டவர்கள் காட்டில் தூங்கும்போது, அவர்களைக் கொன்று கொண்டுவரச் சொல்லி அண்ணன் அனுப்பிய இடும்பி, காவலுக்கு விழித்திருந்த பீமனைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுக்கிறாள். வந்த காரியத்தை அவனிடமே சொல்லிவிடுகிறாள். குந்தியிடம் போய்க் கேட்கிறாள். கடோத்கசன் பிறக்கிறான். மணாலியில் தேவதாரு மரங்களுக்கு நடுவே 1553-ல் கட்டிய கோயிலில் அவள் இன்றும் தெய்வம். அதே ஆசையோடு ராமனிடம் வந்த சூர்ப்பணகைக்கு மூக்குப் போயிற்று. கம்பன் அவளை அழகியாக உருமாறி நடந்து வரச் செய்கிறான். உள்ளபடியே வந்திருந்தால் ஒருவராவது பேசியிருப்பார்களா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு மனம் கனக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது. உன்னால் முடிந்தால் அடுத்த கதையில் பங்களாவுக்குள் ஒரு பெண்ணை வை. கடனுக்காக ஒரு பையன் போய்க் கதவைத் தட்டட்டும்.

12. அம்மா கேட்டதற்கு வருத்தப்படாதே. இந்த மாதிரிக் கதைகள் பெண்பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று என் மாமியாரும் சொன்னார். அவரே மத்தியானம் பாத்திரம் கழுவிப் போட்டபின் கொல்லைப்புற வாசற்படியில் உட்கார்ந்து என் தொடரைப் படிப்பார். அம்மியருகே அந்த இதழைக் கவிழ்த்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள், ‘அவன் முகமூடியைக் கழற்றுவானா மாட்டானா, அதை மட்டும் சொல்லு’ என்று கேட்டார். ஆண்பிள்ளை உரத்துக் கூப்பிட்டால் நெஞ்சு படபடக்கிற வீட்டில் வாழ்ந்தவர் அவர். கதையில் வரும் மிருகத்தைப் பார்த்துப் பயப்படும்போது, வேண்டாம் என்று தோன்றினால் புத்தகத்தை மூடிவிடலாம். மூடிக்கொள்ளும் உரிமை அவருக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. அந்தப் பயத்தை அவர் விரும்பித்தான் படித்தார். அவரை முட்டாள் என்று நினைத்து எழுதாதே. அந்த இன்லண்ட் கடிதக்காரியையும் மறந்துவிட்டு எழுதாதே. இரண்டு பேரும் உன் எதிரே பாய் போட்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்.

13. இனி உன் மூன்றாம் அத்தியாயத்தின் முடிவு. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்குகிறாள். அவன் பாதிப் படியில் வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான், வளையல் நொறுங்குகிறது, ரத்தம் கசிகிறது, ‘தொடரும்’ போட்டிருக்கிறாய். என் பழைய நாவல்களைப் படித்து அதைக் கற்றிருக்கிறாய் என்று தெரிகிறது. அதே வளையலை நானும் உடைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அவன் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நிற்கட்டும், அந்தக் கோரமான கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. வாசல் கதவு திறந்தே இருக்கட்டும். வெளியே மழை வேண்டாம், நல்ல நிலவு இருக்கட்டும், அவள் போவதற்கு எந்தத் தடையும் இல்லாதபடி. வாசற்படி வரை போய் அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்கும் தெரியவில்லை. எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா.